கிணத்துப் பக்கம் நான் மாத்தி ஒட்டின கண்ணாடி

என் கூடப் பிறந்த ராசா, தம்பிக்கு,

முதல்ல சந்தோஷச் சேதி. என் மகன் வீட்டுப் பேத்தி செல்வி சிவில் இன்ஜினியரிங் முடிச்சு, இப்ப தேனியில வேலை பாக்குறா. அவ தம்பி பத்தாம் வகுப்புல பள்ளிக்கூடத்துக்கே முதல். உன் மகன் பாண்டி திருப்பூர்ல சொந்தமா தையல் மிஷின் போட்டுட்டான். அவனுக்கு ஆம்பளப் பிள்ளை பிறந்திருக்குடா. அஞ்சாப்பு படிச்ச கை இதையெல்லாம் எழுதுறதுல எனக்கு எம்புட்டுப் பெருமை தெரியுமா?

ஆனா பிள்ளைக்கு உன் பேரு வேண்டாங்குறான். போன்ல கேட்டேன். "கொத்தனார் கணக்குத் தப்பித்தான் செத்தாருன்னு ஊரே சொல்லுது அத்தை. அந்தப் பேரு எதுக்கு?"ன்னான். பதில் எனக்குத் தெரியும். சொல்லத்தான் வாய் வரல. அதான் ஊர் அறிய இந்தக் கடிதம்.

நம்ம ஜெயமங்கலத்து வீட்டுல அடுப்படிச் சுவரும் கிணத்துப் பக்கச் சுவரும் விரிசல் விட்டுச்சே, ஞாபகம் இருக்கா? ரெண்டையும் பிரிச்சுக் கட்டுன்னு உன்னை நச்சரிச்சேன். நீ படத்துக்குச் சட்டம் போடுற கடையில மிஞ்சின கண்ணாடித் துண்டுகளை வாங்கிட்டு வந்த. ஒவ்வொரு விரிசலுக்கும் குறுக்க ஒண்ணு வச்சு, ரெண்டு முனையிலயும் சிமெண்டு அப்பி, பக்கத்துல தேதி எழுதின.

"இது உடைஞ்சா சுவரு நடக்குதுன்னு அர்த்தம்க்கா. முழுசா இருந்தா தூங்குது. மழைக்கு முன்ன ஒரு சுவரைத்தான் கட்ட முடியும். எதுன்னு கண்ணாடி சொல்லட்டும்."

ஏலே, கொத்தனார் கரண்டியைப் போட்டுட்டுக் குறி சொல்லக் கிளம்பிட்டியான்னு கேலி பண்ணினேன். குறிகாரன் கண்ணை மூடிக்கிட்டுச் சொல்லுவான், நான் திறந்து பாத்துட்டுச் சொல்றேன்னு சிரிச்ச.

வீரபாண்டித் திருவிழா வந்துச்சு. அதையொட்டி என் மகளைப் பொண்ணு பாக்க வர்றாகன்னு வீட்டுக்கு வெள்ளையடிச்சேன். கிணத்துப் பக்கம் போனா, கண்ணாடி நடுவுல ரெண்டா உடைஞ்சிருக்கு. வீட்டுல உடைஞ்ச கண்ணாடி ஆகாதுன்னு நம்ம ஆத்தா சொல்லித்தானே வளத்தா. அதுவும் நல்ல காரியம் பேச வர்ற நேரத்துல. பேத்து எறிஞ்சிட்டு, நீ வச்சிட்டுப் போன மிச்சத் துண்டை அதே இடத்துல ஒட்டினேன். வெள்ளையில மறைஞ்ச தேதியையும் மறக்காம எழுதினேன். உன் எழுத்து மாதிரியே.

ஐப்பசி மழைக்கு முன்ன நீ வந்த. அடுப்படிக் கண்ணாடியில மயிரிழை மாதிரி ஒரு கீறல். கிணத்துப் பக்கம் முழுசா இருந்துச்சு. ரொம்ப நேரம் அதையே பாத்துக்கிட்டு நின்ன.

"யாரும் தொடலையேக்கா?"

நான் தோசைக் கல்லை விட்டுத் திரும்பல. "யார்றா தொடப் போறா?"ன்னேன். உண்மையைச் சொன்னா நீ என்னை வருசம் பூரா கேலி பண்ணுவன்னு நெனச்சேன். அம்புட்டுத்தான் காரணம் தம்பி.

நீ என்னை நம்பி அடுப்படிச் சுவரைப் பிரிச்ச. அதைக் கட்டி முடிச்ச அன்னைக்கு மழை. கிணத்தடியில கை கழுவ உக்காந்த. அந்தக் கிணத்துப் பக்கச் சுவரு உன் மேல சாஞ்சிருச்சு.

ஊர் கூடி, பாவம், தப்பாக் கணிச்சிட்டாருன்னு பேசுனாக. நான் தலைவிரிச்சு அழுதேனே தவிர வாய் திறக்கல. உன்னை ரெண்டாவது தடவை அங்கன வச்சுத்தான் சாகடிச்சேனா?

போன மாசம் செல்வி, ஒரு பழைய பாலத்துல இதே மாதிரி கண்ணாடி ஒட்டியிருக்கிறதைச் சொன்னா. ஒட்டினாப் பத்தாது அப்பத்தா, யாரும் மாத்தாமப் பாத்துக்கணும்னா. "பொய் சொல்ற கண்ணாடி இருக்குறதுக்கு, கண்ணாடியே இல்லாம இருக்கலாம். பயந்துக்கிட்டாவது ஒதுங்கி நிப்போம்." அவ யாரைச் சொல்றோம்னு தெரியாமத்தான் சொன்னா. கண்ணாடி இல்லைன்னா நீயும் ஒதுங்கித்தானே கை கழுவியிருப்ப?

நீ கட்டின அடுப்படிச் சுவரு இன்னும் நூல் பிடிச்சாப்புல நிக்குது. இப்ப வாசல் சுவருல விரிசல். செல்வி அதுல கண்ணாடி ஒட்டிட்டுப் போயிருக்கா. தினமும் பாக்குறேன். உடைஞ்சா உடைஞ்சபடியே இருக்கும், எந்த விசேசத்துக்கு யாரு வந்தாலும் சரி. உடைஞ்ச அன்னைக்கே அவகிட்டச் சொல்லுவேன். உன் மேல சத்தியம்.

பாண்டிக்கும் இந்தக் கடிதம் போகுது. பாண்டி, உங்கப்பா கணக்குத் தப்பலய்யா, அத்தைதான் கணக்கை மாத்தினேன். கோவம் தீர்ற வரைக்கும் பேச வேண்டாம். பிள்ளையை மட்டும் புதுசா ஒரு போட்டோ எடுத்துத் தபால்ல போடு. பின்பக்கம் அவன் பேரை எழுதி அனுப்பு.

உன்கிட்டப் பொய் சொன்ன,
உன் அக்கா