அப்பாவுக்கு வெடித்தது, அம்மாவுக்கு அடைத்தது

என் அன்பான அப்பாவுக்கு,

கந்தப்பளையில் மழை விடவில்லை. நாங்கள் நலம் என்று எழுதத்தான் ஆசை. எழுத முடியவில்லை அப்பா, பயமாக இருக்கிறது.

போன மாதம் தேயிலைக் கொழுந்து நிறுக்கும் இடத்தில் அம்மாவின் வலது கை திடீரென்று தொங்கிவிட்டது. வாய் ஒரு பக்கம் கோணி, பேச்சும் குழறியதாம். "குளிர்ல வெறச்சிருக்கும்" என்று தைலம் தேய்த்திருக்கிறார்கள். கொஞ்ச நேரத்தில் எல்லாம் சரியாகிவிட, அம்மா மறுபடி கொழுந்தெடுக்கப் போய்விட்டார். பக்கத்து வீட்டு அக்கா வந்து சொன்னதும், நீங்கள் விழுந்த நாள்தான் கண்முன் வந்தது. ஆட்டோ பிடித்து அம்மாவை ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு ஓடினேன்.

ஸ்கேன் பார்த்துவிட்டுச் சிங்கள டாக்டர் சொன்னதை நர்ஸ் தமிழில் விளக்கினார். பக்கவாதத்தைப் பாரிசவாதம் என்று ஒரே பெயரில் சொன்னாலும் அது ஒரே விதமில்லையாம். உங்களுக்குப் பிரஷர் ஏறி மூளைக்குள் இரத்தக் குழாய் வெடித்தது. அம்மாவுக்கு இரத்தம் கட்டியாகிக் குழாயை அடைத்து, தானாகவே விலகியிருக்கிறது. "தானா சரியாயிருச்சுன்னு விட்டுறாதீங்க. அடுத்தது பெருசா வரலாம்" என்றார் நர்ஸ். பிரஷருக்கு ஒரு மாத்திரை, இரத்தம் கட்டாமலிருக்க இன்னொன்று.

அந்த இரண்டாவதில்தான் சண்டை. "ரத்தம் கொட்டித்தானே ஒங்கப்பா போனாங்க. எனக்கு ரத்தத்த தண்ணியாக்குற மாத்திரையா? நீயே என்னக் கொன்னுருவ போல புள்ள" என்றார் அம்மா. உங்களுக்கு அது ஆகவே ஆகாது, அம்மாவுக்கு அது இல்லாமல் ஆகாது. அம்மா எப்படி நம்புவார்?

இன்று உங்கள் படத்தைத் துடைக்க எடுத்தேன். பின்னால் அந்த மாத்திரைகள் கிடந்தன. தினமும் முதல் தேநீரை அம்மா உங்கள் படத்துக்கு வைக்கும்போது, இதையும் அங்கே சொருகியிருக்கிறார். "அவங்ககிட்ட குடுத்து வச்சிருக்கேன். அவங்க சரின்னா போட்டுக்கிறேன்" என்கிறார். இத்தனை நாளும் இப்படியேவா மலையேறி இறங்கியிருக்கிறார்?

ஒரு கனவிலாவது வந்து, சரி என்று சொல்லக் கூடாதா அப்பா?

நீங்கள் கனவில் வரும்வரை நான் விடமாட்டேன். காலையில் அம்மா வேலைக்குக் கிளம்புமுன் சிரிக்கச் சொல்வேன், இரண்டு கையையும் தூக்கச் சொல்வேன்; வாய் கோணுகிறதா, கை தொங்குகிறதா என்று பார்ப்பேன். திட்டினால் திட்டட்டும். மாத்திரையை என் கண்முன் விழுங்கிய பிறகுதான் உங்கள் படத்துக்குத் தேநீர் வரும். கோபித்துக்கொள்ளாதீர்கள். நீங்கள் தேநீர் இல்லாமல் இருப்பதை அம்மா தாங்கமாட்டார்.

அம்மாவை இப்போதைக்கு உங்களிடம் அனுப்பப் போவதில்லை,
உங்கள் மூத்த மகள் செல்வி