மாமனார் வாங்கிய தீர்ப்பு

8 ஜனவரி 1962, திங்கள்

அருணாசலம் தன் சேந்தமங்கலம் ஓட்டு வீட்டை எங்களுக்கே தருவதாகச் சொல்லிவிட்டார். மாசி பிறப்பதற்குள் கிரயம் முடிக்க வேண்டுமாம். தவறினால் வேறு ஆளுக்கு. நாலு வருஷமாக மாமனார் வீட்டில் சாப்பிடும் கம்பவுண்டருக்கு இதைவிட என்ன மருந்து வேண்டும்? என் மனைவி ருக்குமணி அதற்குள் அடுப்பு எந்தப் பக்கம் என்று முடிவு செய்துவிட்டாள்.

மாமனார் அர்த்தனாரிக்கு மலைமேல் இந்தச் சோளக்காடு ஊரில் மிளகு வியாபாரம். நாமக்கல் கோர்ட்டு அவருக்கு இரண்டாவது வீடு. சாப்பிடும்போது என் முகத்தைப் பார்க்காமலே சொன்னார்: “விக்கறவன் பேர்ல வில்லங்கம் பாக்கறது இருக்கட்டுமுங்க மாப்ளே. உங்க பேர்ல கடன் தீர்ப்பு ஏதாச்சும் இருக்குதான்னு கோர்ட்டுல பாத்துக்குங்க. இருந்தா, வாங்குன மறுநாளே ஊட்டை ஜப்தி பண்ணிருவாங்க.”

என் பேரிலா? நான் ஒரு டீக்குக்கூடக் கடன் சொன்னதில்லை. சிரித்துவிட்டு மோர் கேட்டேன்.

11 ஜனவரி

எதற்கும் கோர்ட்டில் பார்த்துவிடலாம். நாளைக்கு மலை இறங்குகிறேன்.

12 ஜனவரி

இருக்கிறது! என் பேரில் தீர்ப்பு இருக்கிறது!

வக்கீல் குமாஸ்தா மாணிக்கம் எடுத்துப் படித்தார். பிரதிவாதி, சோளக்காடு கம்பவுண்டர் சின்னுசாமி. நான்தான். புரோநோட்டுக் கடன்; போன வருஷம் நான் ஆஜராகாததால் வாதிக்கே ஜெயம்.

“வாதி யாருங்க?”

“மிளகு வியாபாரம் அர்த்தனாரிங்க. ஆளைத் தெரியுங்களா?”

தெரியுமா! காலையில் அவரோடு ஒரே பாயில் உட்கார்ந்து களி தின்றுவிட்டு வந்தவன் ஐயா நான்!

13 ஜனவரி

கேட்டேன். விடுவேனா? மாமனார் அசரவில்லை.

“கல்யாணச் செலவுக்குன்னு நோட்டு எழுதிக் குடுத்தீங்களே, மறந்துட்டீங்களா? மூணு வருசம் ஆனா நோட்டுக்குக் காலம் தப்பிடுமுங்க. அதான் கேசு போட்டு வெச்சேன். யாரா இருந்தாலும் போடறதுதான். கோவமெல்லாம் இல்லீங்க.”

மாலையும் கழுத்துமாக நிற்பவனிடம் தாளை நீட்டினால் எவன் படிப்பான்?

“எனக்குச் சம்மனே வரலையே மாமா?”

“வந்துச்சுங்க. மலையேறி முட்டி வீங்கி வந்தாரே ஒருத்தரு, நீங்ககூடத் தைலம் தேச்சு உட்டீங்களே, அவருதாங்க கோர்ட்டு அமீனா. நோயாளிக கூட்டமா இருந்துச்சு. உங்களை எதுக்குத் தொந்தரவு பண்றதுன்னு, ஒரே ஊட்டு ஆம்பளைன்னு நானே கையெழுத்துப் போட்டு வாங்கிக்கிட்டேன்.”

அந்த ஆளுக்கு அரை புட்டித் தைலம்! என் கையால்!

கடன் தீர்ந்ததாகக் கோர்ட்டில் எழுதிக் கொடுக்கச் சொன்னேன்.

“என்னுங்க அவசரம்? இந்த ஊட்டுல இருக்கற வரைக்கும் உங்களை யாரு ஜப்தி பண்ணப் போறா?”

அப்போதுதான் புரிந்தது. மகளை அனுப்ப மனசில்லை. எனக்குக் கோபமும் வருகிறது, பாவமாகவும் இருக்கிறது. இரண்டில் ஒன்று வந்தால் தேவலை.

19 ஜனவரி

ருக்குமணி அப்பாவோடு பேசுவதில்லை. சோறு மட்டும் போடுகிறாள். உப்பில்லாமல். எனக்கும் அதே பானைதான்.

29 ஜனவரி

தபாலில் மாமனாருக்கு வக்கீல் நோட்டீஸ். அனுப்பியது ருக்குமணி! கடையில் மிளகு புடைத்ததற்கும் கணக்கு எழுதியதற்கும் கூலி பாக்கியாம். மூன்று வருஷம் முடியப்போவதால், காலம் தப்புமுன் கேட்கிறாளாம். போன வாரம் சேந்தமங்கலத்துக்கு வளையல் வாங்கப் போகிறேன் என்றவள், நாமக்கல்வரை போய் மாணிக்கத்தைப் பிடித்திருக்கிறாள். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

மாமனார் இரண்டு தடவை படித்தார். இடி விழப்போகிறது என்று நான் மெல்ல ஆஸ்பத்திரிப் பக்கம் நகர்ந்தேன். அவரோ சந்தைக்குப் போய் ஆள் ஆளாகக் காட்டிக்கொண்டிருந்தார்: “எம் பொண்ணுங்க! தேதிகூடத் தப்பலை பாருங்க!”

2 பிப்ரவரி

நாமக்கல். மகளின் கூலி பாக்கிக்கு ஈடாகக் கடன் தீர்ந்ததாக மாமனார் எழுதிக் கொடுத்தார்.

9 பிப்ரவரி

கிரயம் முடிந்தது.

25 பிப்ரவரி, ஞாயிறு. சேந்தமங்கலம்

மாமனார் மரவள்ளிக்கிழங்கு மூட்டையோடு வந்தார். சாப்பிட்டார். உப்பு சரியாக இருக்கிறது என்றார். புறப்படும்போது, காலில் போட்டிருந்த செருப்பையே தேடிக்கொண்டு வாசலில் நின்றார். கண் கலங்கியிருந்தது.

“வாராவாரம் வரோணும். இல்லீனா கேசு போட்ருவேன்,” என்றாள் ருக்குமணி. அவளும் அழுதுகொண்டுதான் சொன்னாள்.

“வாய்ப்பேச்சு செல்லாது கண்ணு. தாள் எடு.”

உட்கார்ந்து எழுதினார். கையெழுத்துப் போட்டார். சாட்சிக்கு என்னைக் கூப்பிட்டார்.

முழுக்கப் படித்துப் பார்த்துவிட்டுத்தான் போட்டேன்.