இரண்டு அந்தோனியார்களின் வளையங்கள்

யூன் 4, செவ்வாய்

நித்திரை வரவில்லை. அந்த இரும்பு வளையங்கள்தான் கண்ணுக்குள் நிற்கின்றன.

திருவிழா வருவதால் இன்று கோயிலில் இரண்டு அந்தோனியார் சொரூபங்களையும் இறக்கித் துடைத்தோம். பீடத்தில் இருப்பவர் எங்களுடையவர். பக்கக் கதவடியில் நிற்பவர், சண்டைக் காலத்தில் தீவிலிருந்து இடம்பெயர்ந்த சனங்களோடு வந்தவர். அவரைப் பவனியில் கொண்டுபோக எங்கள் ஆட்கள் இன்னும் விடவில்லை. "வந்தவை வந்தவைதான்" என்று அப்பா ஒவ்வொரு வருடமும் கோயில் கூட்டத்தில் எழும்பிச் சொல்வார்.

தீவிலிருந்து வந்த மெற்றில்டா அக்கா தங்கள் சொரூபத்தைச் சரித்தபோது அடிப்பலகையில் இரண்டு வளையங்களைக் கண்டேன்.

"இது என்னத்துக்கு அக்கா?"

"வள்ளத்தோடை சேர்த்துக் கட்டத்தான். அலை அடிச்சால் அந்தோனியார் கடலுக்கை போயிடுவாரெல்லே?"

சிரித்துக்கொண்டே எங்களுடையவரையும் சரித்தேன். பவனிக்கு நாங்கள் அவரைக் கட்டுவதில்லை, மரச்சட்டத்துக்குள் இறக்கிவிடுவோம். ஆனால் அடிப்பலகையில் தடித்த பெயின்றுக்குள் இரண்டு மேடுகள் தெரிந்தன. நகத்தால் சுரண்டினேன். அதே இடத்தில், அதே வளையங்கள்.

அக்கா எட்டிப் பார்த்தார். "உங்கடையவரும் வள்ளத்திலயோ வந்தவர்?"

எந்தக் கரையிலிருந்து? பெயின்ற் அடித்து மூடியது யார்?

வீட்டுக்கு வந்ததும் அப்பாவிடம் கேட்டேன். "எங்கடை ஆக்கள் முதல் எங்கை இருந்தவை?"

"நாங்கள் எப்பவும் இஞ்சைதான்" என்றார், பேப்பரிலிருந்து கண்ணை எடுக்காமல்.

விடிய அவரைக் கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போகவேண்டும். சொரூபத்தை நான் சரித்துப் பிடிக்கிறேன். மிச்சப் பெயின்றை அவரே சுரண்டட்டும்.