ஓரத்தில் நின்ற ரெண்டு கம்பம்

ஆத்தா, என் மகளே,

ஒன் லேப்டாப்பை இன்றைக்குக் காலையில் ஒன் தங்கச்சி திறந்தாள். ஒரு வருஷமாக பீரோவுக்குள் கிடந்தது. திரையின் வலது ஓரத்தில் காபி நிறத்தில் ஒரு விரல் கறை. நான் வைத்ததுதான். முந்திரிக்கொட்டை எண்ணெய் பட்ட கை, என்ன துடைத்தும் போகவில்லை என்று அன்றைக்குக் கோபப்பட்டாய்.

புள்ளியியல் கடைசி வருஷம் நீ. நான் சலித்துக் குவித்த கொட்டைகளை ஒவ்வொன்றாக நிறுத்து எழுதிக்கொண்டாய். இனிமேல் இதே மாதிரி ஆயிரம் கொட்டையின் எடையைக் கம்ப்யூட்டரே குலுக்கல் சீட்டுப் போல எடுத்துத் தரும், ஆனால் நாலு கிராமுக்குக் கீழேயும் எட்டு கிராமுக்கு மேலேயும் வரக்கூடாது, அதுதான் ப்ராஜெக்ட் என்றாய். அஞ்சாங்கிளாஸ் படித்தவளுக்கு என்ன புரியும்? பக்கத்தில் உட்கார்ந்து கொட்டை உடைத்துக்கொண்டிருந்தேன்.

அந்த எடைகளை வரைந்த படம் திரையில் வந்தது. நடுவில் மேடு. ரெண்டு ஓரத்திலும் கம்பம் நட்ட மாதிரி ரெண்டு கோடு. விரலை வைத்துக் கேட்டேன்.

"இது என்னடி, சரியா எட்டு கிராம்ல இம்புட்டுக் கொட்டை நம்மகிட்ட ஏது?"

"வெளிய போற நம்பரையெல்லாம் ஓரத்துக்கே இழுத்து வச்சுட்டேம்மா."

"பெரிய கொட்டை பெருசுதான். அதை அமுக்கி நடுத்தரத்துல சேக்க முடியுமா? எடுத்து அங்கிட்டுப் போட்டுட்டு வேற ஒண்ணு எடு."

படத்தை இன்னொரு தரம் உற்றுப் பார்த்தாய். பிறகு சிரித்தாய். எங்க சார் கண்ணிலேயே இது படவில்லை, வைவா பரீட்சைக்கு ஒன்னையத்தான் கூட்டிப்போக வேண்டும் என்றாய். வெளியே விழுந்த நம்பரை விட்டுவிட்டு, உள்ளே ஒன்று விழுகிற வரைக்கும் திரும்பத் திரும்ப எடுக்கிற மாதிரி மாற்றினாய். கம்பம் ரெண்டும் காணாமல் போனது.

அவ்வளவு சொன்ன நான்தான் ஒன்னையும் அப்படி ஓரத்துக்கு இழுத்து வைத்தேன். பெங்களூரில் வேலை வந்தபோது ஒங்கப்பாகூட சரி என்றார். சாயங்காலம் ஆறு மணிக்குள் வீடு வந்து சேருகிற தூரத்தில் வேலை பார் என்று நான்தான் ரெண்டு நாள் சோறு தின்னாமல் கிடந்தேன். நீ எதிர்த்துப் பேசவில்லை. திருக்கோகர்ணத்தில் பள்ளிக்கூட வேலை, காலையும் மாலையும் பஸ், மூணு வருஷம். வருத்தமா என்று ஒரு தரம் கேட்டேன்.

"கம்பம் மாதிரி நிக்கிறேம்மா" என்று சொல்லிவிட்டு நோட்டுத் திருத்தப் போய்விட்டாய்.

போன ஐப்பசிக் காய்ச்சல் நாலே நாளில் ஒன்னைக் கொண்டுபோனது. காய்ச்சலுக்கு நான் என்ன செய்ய முடியும் என்று எல்லோரும் எனக்கு ஆறுதல் சொல்கிறார்கள். அந்த மூணு வருஷத்துக்கு யாரும் ஒன்றும் சொல்வதில்லை.

இப்போது தங்கச்சிக்குச் சென்னையில் வேலை கிடைத்திருக்கிறது. நாளைக்குள் பதில் அனுப்ப வேண்டும். லேப்டாப்பைத் திறந்ததே அதற்குத்தான். திறந்து வைத்துவிட்டுச் சொல்கிறாள்:

"வேணாம்மா. நான் பக்கத்துலயே பாத்துக்கிறேன். நீ தாங்க மாட்டே."

இவளிடம் நான் வாயே திறக்கவில்லை, ஆத்தா. சோறு தின்னாமல் கிடக்கவும் இல்லை. என் முகத்தைப் பார்த்தே இவளாக முடிவு பண்ணிவிட்டாள்.

போ என்று சொன்னால் போதும். ஒனக்குச் சொல்லாத அந்தச் சொல்லைத்தான் இன்னும் சுமந்துகொண்டிருக்கிறேன். இவளும் போய்விட்டால் என்ற நினைப்பு அதைச் சொல்லவிடாமல் நிறுத்திவிடுகிறது.

அவள் அடுப்படியில் எனக்கும் சேர்த்து உலை வைக்கிறாள். நான் இன்னும் சொல்லவில்லை.