மறுபக்கம் சுற்றும் நட்டு

செவ்வாய், இரவு

ஊரே பெட்ரோலுக்கு வரிசையில் கிடந்த வருஷம்தான் பிக்கப் வண்டியின் பின்தட்டில் டூல்ஸ் பெட்டியை நட்டுப் போட்டு இறுக்கினோம். எங்கள் பிழைப்பு முழுக்க அதற்குள். இன்று வெள்ளவத்தையில் வேலை முடிந்து வந்தால் பெட்டியைக் காணவில்லை. நட்டுகள் மட்டும் தட்டில் கிடந்தன.

“ஒரு கீறலும் இல்லையப்பா! கள்ளன் வலு பொறுமைசாலி,” என்றான் மகன்.

நான் நட்டுகளைப் பொறுக்கிப் பார்த்தேன். அதில் ஒரு நட்டு மறுபக்கம் சுற்றினால்தான் கழலும். களவுக்குப் பயந்து செய்த வேலை, மகனுக்குக்கூடச் சொல்லவில்லை. இறுக்கிய மூன்று பேருக்குத்தான் தெரியும். எங்களோடு வேலை செய்த சூசை செத்துப்போனான். என்னைத் தவிர உயிரோடு இருப்பது, ஞாயிறு பூசை முடிந்து என்னோடு சாப்பிட உட்காரும் என் மச்சான் அந்தோனி.