வண்டிக்கல்லில் விபூதி

ஒக்டோபர் 10, வெள்ளி. ஃபூசன்.

தூறல். பிராங்பேர்ட்டிலிருந்து பஸ்ஸில் ஆறு மணித்தியாலம். இந்த மூன்று நாளும் நடப்பதை நடந்தபடியே எழுதுவேன். எனக்குப் பாதகமானதையும்.

தமிழ்ப் பாடசாலைச் சுற்றுலா. பெற்றோர், பிள்ளைகள், நாற்பத்தொரு பேர். என் பையில்: இந்த ஊரைப் பற்றி நூலகப் புத்தகம் 2, என் குறிப்பு 12 பக்கம், குடை, அம்மா திணித்த றோல்ஸ் (நசுங்கியவை).

நாளை பழைய நகரை நடந்து பார்ப்பது. வழிகாட்டி டொச்சில், ஜெர்மன் மொழியில்தான் பேசுவார், அதுவும் மலைப்பக்கத்து டொச். பெரியவர்களுக்குத் தமிழில் சொல்ல முடியுமா என்று ரீச்சர் கேட்டார். கேட்டு முடிக்கும் முன்பே ஓம் என்றுவிட்டேன்.

பக்கத்து இருக்கையில் ராணி அன்ரி. எங்களுக்கு மேல்மாடி வீட்டுக்காரர். வருகிற வியாழன் அவருக்கு முழங்காலில் ஒப்பரேசன். எட்டு மாதம் காத்திருந்து கிடைத்த ஆஸ்பத்திரி நாள், டெர்மின். வழி முழுதும் அதே பேச்சு.

"வெட்டி இரும்பு வைப்பாங்களாம் பிள்ளை. நினைக்கவே கை நடுங்குது."

நித்திரை வரவில்லை. ரோமர் சாலை பற்றி மூன்றாம் தடவை வாசிப்பு.

ஒக். 11, சனி.

வெயில். மலை உச்சியில் புதுப்பனி. காலைச் சாப்பாடு பாதி.

9.30 தொடக்கம். வழிகாட்டி: குட்டை நரைமுடி, சிவப்புக் குடை, மூச்சு விடாத பேச்சு. முதலில் ரோமர் சாலை. இத்தாலியிலிருந்து மலையைக் கடந்து இந்த ஊர் வழியாகப் போனது. படைகள், வணிகர், கழுதைகள். நன்றாகச் சொன்னேன் என்றுதான் நினைக்கிறேன். அம்மா தலையாட்டினார். மற்றவர்கள்:

"ரொய்லெற் எங்கால?"

"பெரியவனுக்குத் தொழில் பழக ஆவுஸ்பில்டுங் கிடைச்சிட்டுதோ?"

குமார் மாமா (ரீச்சரின் புருஷன், பகிடிக்காரர்): "ரோமர் நடந்தவை சரி. பஸ் நிக்கேக்க நாங்கள் ஏன் நடக்கோணும்?"

பிறகு மேட்டுக் கோட்டை. முற்றத்துச் சுவரில் ஜன்னல்களும் அவற்றைச் சுற்றிச் சிற்ப வேலையும். கிட்டப் போனால் எல்லாம் வெறும் வர்ணம். சில நூற்றாண்டுப் பழசு. குமார் மாமா: "பொய்யோ? எங்கட கட்டடம் பாக்கிற ஹவுஸ்மைஸ்ரருக்குக் காட்டாதேங்கோ. உடைஞ்ச ஜன்னலைத் திருத்தாமல் பெயின்ரால கீறி விட்டிடுவான்."

எல்லோரும் சிரித்தார்கள். அவருக்கு. பன்னிரண்டு பக்கம் எழுதிய எனக்கு ஒருவரும் இல்லை. எரிச்சல்.

இனி வருவதை எழுத விருப்பமில்லை. எழுதுகிறேன்.

ஒரு குறுகிய ஒழுங்கையின் மூலை. முழங்கால் உயரத்தில் ஒரு கல், உச்சி தேய்ந்து வழவழப்பு. வழிகாட்டி சொன்னது: வண்டிச் சில்லு உருண்டு வந்து வீட்டுச் சுவரில் இடிக்காதபடி வைத்த கல். அவ்வளவுதான்.

நான் சொன்னது: "மலை இறங்கி வந்த யாத்திரிகர் இந்தக் கல்லில குந்தி இருந்து எழும்புவினமாம். முழங்கால் நோ போயிடுமாம்."

ஏன் சொன்னேன், தெரியாது. இல்லை, தெரியும். ஒரு முறையாவது எல்லோரும் என் பக்கம் திரும்ப வேண்டும்.

திரும்பினார்கள்.

"மெய்யே?" ராணி அன்ரி.

தலையாட்டினேன்.

அன்ரி கல்லில் குந்தி இருந்தார். எழும்பினார். காலை நீட்டி மடக்கினார். "அட, லேசாக் கிடக்கு!" அவருக்குப் பின்னால் வரிசை. வழிகாட்டி சிரித்தபடி காத்து நின்றார். களைத்துப் போனார்கள் என்று நினைத்திருப்பார்.

மத்தியானம் சூப். பின்னேரம் அன்ரி விடுதிப் படி பதினாறும் கைப்பிடி பிடிக்காமல் ஏறினார். எண்ணினேன்.

ஒக். 12, ஞாயிறு.

பனிப்புகார், விடுதி முன்னால் ஓடும் ஆறு தெரியவில்லை. அன்ரிமார் ஆறு பேர் காலையில் மறுபடி கல்லுக்கு. நானும் பின்னால். கல்லில் மூன்று குறி விபூதி, ராணி அன்ரி பூசியது. மேலே ஒரு மஞ்சள் பூ, விடுதி மேசையிலிருந்து. எதிர்வீட்டு ஜன்னலில் (உண்மையான ஜன்னல்) ஒருவர், வாயில் பல் துலக்கும் பிரஷ். அசையவே இல்லை. ஒரு அன்ரி படம் எடுத்துக் கனடாவில் சொந்தக்காரருக்கு அனுப்பினார்.

3 மணி, பஸ். ராணி அன்ரி போனை நீட்டினார்.

"ஆஸ்பத்திரிக்கு ஒரு மெயில் எழுது பிள்ளை, டெர்மின் வேண்டாம் எண்டு. நீயெண்டால் பிழை விடாமல் எழுதுவாய்."

எழுதினேன். ஐந்து வரி. ஒரு பிழையும் இல்லை. அனுப்பவில்லை.

"அனுப்பீட்டியோ?"

"சிக்னல் இல்லை அன்ரி."

பொய் இரண்டு. கைவிரல் நகம் நான்கு கடித்தாயிற்று.

உல்ம் தாண்டி பெற்றோல் நிலையம். பஸ் படியில் இறங்கும்போது அன்ரி இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்து உதட்டைக் கடித்தார். யாரும் பார்க்கவில்லை என்று நினைத்தார். திரும்பி வந்து இருக்கையில் இருந்ததும் சொன்னேன்.

"அன்ரி, அது வண்டி இடிக்காமல் வைச்ச கல்லு. யாத்திரிகர் கதை நான் கட்டினது."

ஜன்னல் பக்கம் திரும்பிவிட்டார். வூர்ஸ்பூர்க் வரை நான் புத்தகத்தைத் திறந்தேன், மூடினேன், திறந்தேன்.

பிறகு: "விபூதியும் பூசினனானடி, கழுதை."

"மன்னிச்சுக்கொள்ளுங்கோ."

"ஏன் அப்பிடிச் சொன்னனீ?"

"ஒருத்தரும் கேக்கேல்லை."

"நான் கேட்டனான். ரோமர், இத்தாலி, கழுதை, எல்லாம் கேட்டனான்."

புத்தகத்தைப் பைக்குள் வைத்தேன்.

"மெயிலை அழி. நான் பாக்க அழி."

கண்ணாடி போட்டுப் பார்த்தார். அழித்தேன். அன்ரி போனைக் கைப்பைக்குள் வைத்து மூடினார்.

"வியாழன் உனக்கு இன்னும் பள்ளிக்கூட லீவுதானே. என்னோட வா. டொக்டர் சொல்லுறதை அப்பிடியே சொல்லு. ஒரு சொல்லுக் கூட்டக்கூடாது."

ஓம் என்றேன். இந்த முறை கொஞ்சம் பொறுத்து.

இன்னும் உண்மை சொல்ல வேண்டியவர்கள்: ஐந்து அன்ரிமார், அம்மா, ரீச்சர், கனடா. முன் இருக்கையில் குமார் மாமா விழித்துத்தான் இருக்கிறார். பகிடி பண்ணுவார், பண்ணட்டும். முதலில் அவரிடமே போய்

ட்ரைவர் விளக்கை அணைத்துவிட்டார்.