மீனுக்குப் பொய் சொல்லலாம்

ஆர்.எஸ்.மங்கலம்,
வைகாசி மாதம், ஞாயிற்றுக்கிழமை.

அன்பு மகள் பானுப்பிரியாவுக்கு அம்மா எழுதிக்கொள்வது. இங்கே நான், உன் அய்யா, உன் தம்பி காளீஸ்வரன், குட்டி போட்டிருக்கிற கருப்பு ஆடு உட்பட எல்லாரும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம். அங்கே உன் சுகத்துக்கு எழுதவும் என்று அடுத்த வரி போடுவதுதான் முறை. பேனாவை வைத்தேன், கை வரவில்லை. நீ சுகமாக இல்லை என்பதும், அதற்குக் காரணம் நான்தான் என்பதும் தெரிந்த பிறகு அந்த வரியை எந்த முகத்தோடு எழுதுவேன். போனில் பேசலாமே என்று நினைப்பாய். போனில் நான் ஆரம்பித்தால் நீ அதை விடும்மா, சாப்டீகளா என்று பேச்சை மாற்றிவிடுவாய், பக்கத்தில் நின்று உன் அய்யா கழுத்தை நீட்டுவார், நானும் சாப்பிட்டோம் தாயி என்று சொல்லி வைத்துவிடுவேன். போன வாரமும் அப்படித்தான் ஆனது. கடிதத்தில் நீ குறுக்கே பேச முடியாது, அதனால்தான் எழுதுகிறேன்.

காளீஸ்வரன் மேல் கோபப்படாதே. என்னிடம் சொல்ல மாட்டேன் என்று உனக்குக் கொடுத்த சத்தியத்தை அவன் நன்றாகத்தான் காப்பாற்றினான், உடைக்க வைத்தவள் நான். பக்கத்து வீட்டுச் சோணையம்மாள் உறைமோர் வாங்க வந்திருந்தாள். வழக்கம்போல நான் உன் புராணத்தை ஆரம்பித்தேன். ஸ்காட்லாந்தில் ஆஸ்பத்திரி வேலை போக மிச்ச நேரத்தில் என் மகள் ஆற்றில் சால்மன் மீன் பிடிக்கிறாள், ஒவ்வொன்றும் ஆள் கை நீளம் என்று அளந்துகொண்டிருந்தேன். நீ ஒன்றுகூடப் பிடித்ததாக என்னிடம் சொன்னதில்லை, இருந்தாலும் வாய் சும்மா இருக்குமா. அவள் போனதும் காளீஸ்வரன், யம்மா போதும், நிறுத்து, நீ சொல்லித்தான் அக்கா அங்கன தலை குனிஞ்சு நடக்குது, இதுல பெருமை வேறயா என்று கத்தினான். அவன் என்னிடம் குரல் உயர்த்தியதே இல்லை. என்னலே சொல்றே என்று பிடித்து உட்காரவைத்துக் கேட்டபோதுதான் எல்லாம் வெளியே வந்தது. அன்றைக்கு அடுப்பில் வைத்த சோறு அப்படியே குழைந்துபோனது.

நீ அந்தப் பொய்ப் பூச்சியைக் காட்டிய நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. கீழ்வீட்டு மர்டோ தாத்தா இறகும் நூலும் வைத்துத் தூண்டில் முள்ளில் கட்டிக் கொடுத்தது என்று வீடியோவில் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிக் காட்டினாய். பார்க்க அழகாகத்தான் இருந்தது, தோட்டில் தொங்குகிற ஜிமிக்கி மாதிரி. இதைத்தான் போட வேண்டுமாம், புழு போடக் கூடாதாம், வந்ததிலிருந்து ஒன்றும் கடிக்கவில்லை என்று சொன்னாய். நான் என்ன செய்தேன். போனை எல்லாருக்கும் கேட்கிற மாதிரி வைத்துக்கொண்டு சிரித்தேன். மீனுக்குப் போய்ப் பொய் சொல்லுவாகளாத்தா, பொய்ய எந்த மீன் திங்கும், அந்தக் கெழவனுக்கு மீன் பிடிக்கவே தெரியல என்று சொன்னேன். உன் அய்யாவும் சேர்ந்து சிரித்தார். கூடாது என்று நீ சொன்னது என் காதில் விழாமல் இல்லை. வெள்ளைக்காரர்கள் புழுவைத் தொட அசிங்கப்படுகிறார்கள், அதற்குத்தான் அந்தக் கூடாது என்று நானாக முடிவு கட்டிக்கொண்டேன். யாரு பாக்கப் போறாக, ஈர மண்ணக் கிண்டுனா புழு வரும், ஒன்ன எடுத்துக் கோத்துவிடு, ஒரு மீனாவது பிடிச்சு போட்டோ அனுப்பு, ஊருல காட்டணும் என்று சொன்னதும் இந்த வாய்தான். உனக்கு மீன் கிடைக்க வேண்டும் என்பதைவிட எனக்குப் போட்டோ கிடைக்க வேண்டும் என்பதுதான் அதில் அதிகம் இருந்தது. இதை எழுதவே கூச்சமாக இருக்கிறது.

பிறகு நடந்ததைக் காளீஸ்வரன் சொன்னபடி எழுதுகிறேன், தப்பு இருந்தால் சொல். நீ புழுவைக் கோத்துப் போட்டாய், மீன் கடித்தது, பெரிய மீன், முட்டையிடுவதற்காகக் கடலிலிருந்து ஆற்றில் ஏறி வந்த பெட்டை. அங்கே பிடித்த மீனை உயிரோடு திரும்ப விட வேண்டும், அதுதான் அந்த ஆற்றின் சட்டம். நீ விடத்தான் பார்த்தாய். ஆனால் முள் உதட்டில் இல்லை, வயிற்றுக்குள் போயிருந்தது. தண்ணீரில் முழங்கால் அளவு நின்றுகொண்டு இரண்டு கையிலும் அதைத் தாங்கிப் பிடித்து, நீந்திப் போகும் போகும் என்று காத்திருந்தாயாம். அது உன் கையிலேயே செத்ததாம். அந்த இடத்தில் காளீஸ்வரன் சொல்வதை நிறுத்திவிட்டுத் தண்ணீர் குடித்தான். அப்புறம் அந்த ஆற்றில் மீன் பிடிக்க அனுமதி கொடுக்கிற சங்கத்து ஆட்கள் வந்து பார்த்து, முள்ளில் புழு இருப்பதைக் கண்டு, உன் அனுமதி அட்டையை வாங்கிக்கொண்டார்கள். அதோடு போயிருந்தால்கூட மனசு ஆறும். அந்த அட்டைக்கு உனக்காகக் கையெழுத்துப் போட்டவர் மர்டோ தாத்தா என்பதால் அவரும் இந்த வருசம் முழுக்கத் தூண்டில் போடக் கூடாது என்று சொல்லிவிட்டார்களாமே. செத்துப்போன தன் பெண்டாட்டியின் தூண்டிலை உன்னிடம் கொடுத்த மனிதர். முட்டி தேய்ந்து, அடுத்த வருசம் ஆற்றங்கரையில் நிற்கக் கால் இருக்குமோ என்னவோ என்று சொல்லிக்கொண்டிருந்தவர். சங்கத்தில் கேட்டபோது நீ, நானாகத்தான் புழு போட்டேன், யாரும் சொல்லவில்லை என்று எழுதிக் கொடுத்திருக்கிறாய். இப்போது அவர் வீட்டைத் தாண்டி மாடி ஏறும்போது செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு போகிறாயாம். என் மகள் யாருக்கும் பயந்து அப்படி நடந்ததில்லை.

நான் இதை வைத்து நிறைய யோசித்தேன் பானு. கல்யாணம் ஆகி வந்த நாளிலிருந்து நம் கண்மாய் மடையில் தூண்டில் போடுகிறேன், விராலும் கெளுத்தியும் என்னைப்போல் இந்தத் தெருவில் பிடிக்க ஆள் இல்லை என்று உன் அய்யாவே சொல்வார். ஆனால் பிடித்த ஒரு மீனையாவது நான் திரும்பத் தண்ணீரில் விட்டிருக்கிறேனா. இல்லை. எல்லாம் குழம்புக்குப் போகிற மீன். முள் எங்கே குத்தியிருக்கிறது என்று நான் ஒருநாளும் பார்த்ததில்லை, பார்க்க வேண்டிய அவசியம் வரவில்லை. வயிற்றில் இருந்தால் குடலோடு சேர்த்து இழுத்து எடுத்துவிட்டு அரிவாள்மனையில் வைப்பேன். புழு என்றால் மீன் ஆசையாக முழுங்கிவிடும், அது நமக்கு நல்லது. அந்த இறகுப் பூச்சியை வாயில் வைத்ததுமே இது தீனி இல்லை என்று அதற்குத் தெரிந்துவிடும், துப்பப் பார்க்கும், அதற்குள் முள் உதட்டோரம் மாட்டியிருக்கும், கழற்றி விட்டால் போய்விடும். மர்டோ தாத்தாவுக்கு மீன் பிடிக்கத் தெரியாமல் இல்லை. பிடித்த மீனை விடுவதற்கும் சேர்த்துத் தெரிந்தவர் அவர். எனக்குப் பாதிதான் தெரியும், அந்தப் பாதியை வைத்துக்கொண்டு கடல் தாண்டி உனக்குப் புத்தி சொன்னேன்.

இதற்கு நடுவில், ஊரே இறங்கி மீன் பிடித்துக்கொள்ளட்டும் என்று நம் கண்மாயில் அழிகண்மாய் விட்டார்கள். தண்ணீர் வற்றி முழங்கால் அளவுக்கு வந்துவிட்டது, ஊர்த் தலைவர் அம்பலம் வெள்ளைத் துண்டை வீசியதும் ஊரே அடிப்பக்கம் திறந்த ஊத்தாக் கூடையோடு இறங்கியது. எனக்குப் போக மனமே இல்லை, போகாவிட்டால் உடம்புக்கு என்ன என்று கேட்பார்கள் என்றுதான் போனேன். முதல் குத்திலேயே என் கூடைக்குள் ஒரு விரால் துள்ளியது. கையை விட்டுப் பிடித்துத் தூக்கிப் பார்த்தால் வயிறு முட்டச் சினை. எனக்கு உன் ஞாபகம் வந்துவிட்டது, நீ அந்தக் குளிர்ந்த தண்ணீரில் நின்ற நிலை. என்ன நினைத்தேனோ, மீனை அப்படியே தண்ணீரில் விட்டுவிட்டேன். சேற்றில் வாலை ஒரு அடி அடித்துப் போனது. நேராக எங்கே போனது என்று நினைக்கிறாய், பக்கத்தில் நின்ற சோணையம்மாள் குத்திய கூடைக்குள் போனது. அவளுக்கு ஒரே குதூகலம், ஒனக்குக் கையில பெலம் போச்சு ராக்கு, இனிமே வீட்டுல ஒக்காரு என்று கரை முழுக்கக் கேட்கச் சொன்னாள். பிடிக்கிற நாளில் விட்டவள் என்று ஊரே சிரித்தது. சாயங்காலம் அந்த விராலைக் குழம்பு வைத்து ஒரு கிண்ணம் கொடுத்தும் விட்டாள், சினைத் துண்டாகப் பார்த்துப் போட்டு. உன் அய்யா சாப்பிட்டார், நன்றாக இருந்தது என்றும் சொன்னார். நான் மோரை ஊற்றிச் சாப்பிட்டு எழுந்துவிட்டேன். வற்றிய கண்மாயில் மீனை விட்டால் என் பாவம் கரைந்துவிடுமா, அது எனக்கே தெரிகிறது. இருந்தாலும் அந்த நேரம் கை கேட்கவில்லை.

உன் அய்யாவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். விசயம் தெரிந்த நாளிலிருந்து அவர் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை, நானும்தானடி சிரிச்சேன் என்று மட்டும் சொன்னார். அப்புறம் காளீஸ்வரனிடம் போனை வாங்கி, மர்டோ தாத்தா விளக்கு வெளிச்சத்தில் பூச்சி கட்டுவதை நீ முன்பு எடுத்து அனுப்பிய வீடியோவைப் பார்க்க ஆரம்பித்தார். வயலில் வேலை இல்லாத காலம்தானே, பார்த்தார், திரும்பப் பார்த்தார். நம் செவலைச் சேவலைப் பிடித்துக் கழுத்து இறகு பிடுங்கினார், அது இப்போது அவரைக் கண்டால் வேலி தாண்டுகிறது. சாக்குத் தைக்கிற நூலைப் பிரித்து, கெளுத்தி பிடிக்கிற முள்ளில் இறகை வைத்துச் சுற்றிச் சுற்றி ஒரு பூச்சி கட்டிவிட்டார். கண்ணாடி போட்டும் நூல் நிற்காமல் நழுவி நழுவி, வாயில் கடித்து இழுத்துக் கட்டினார். மர்டோ தாத்தா கட்டுவதுபோல் நைசாக வரவில்லை, கொஞ்சம் குண்டாக இருக்கிறது, அவருடைய பூச்சி ஜிமிக்கி என்றால் இது தாயத்து. தபாலாபீசுக்கு எடுத்துப் போனோம். கவரைத் தடவிப் பார்த்துவிட்டு, உள்ள என்னம்மா குத்துது, முள்ளையெல்லாம் தபாலில் வைக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். வீட்டுக்கு வந்து உன் அய்யா கட்டிங் பிளேயரை எடுத்து முள்ளின் வளைவை நறுக்கிவிட்டார். இப்போது இறகும் நூலும் ஒரு துண்டுக் கம்பியும்தான். இதோ இந்தத் தாளில் மடித்து வைத்திருக்கிறேன், பிரிக்கும்போது கீழே விழுந்துவிடப்போகிறது, பார்த்துப் பிரி.

இதை எடுத்துக்கொண்டு மர்டோ தாத்தா வீட்டுக்குப் போ. செருப்பைக் காலில் போட்டுக்கொண்டு போ. முள் இல்லாத பூச்சியை வைத்து என்ன மீன் பிடிப்பது என்று அவர் கேட்டால், மீனுக்கு இல்லை, கதவைத் தட்டுவதற்குத்தான் என்று சொல். அவர் திறக்காவிட்டால் கோபப்படாதே, அவருக்கு அந்த உரிமை இருக்கிறது, வாசலில் வைத்துவிட்டு வந்து இன்னொரு நாள் தட்டு. அவருடைய ஆறும் அவருடைய வருசமும் நம்மால் போயிருக்கிறது, அதை எந்த இறகும் திருப்பித் தராது என்று எனக்குத் தெரியும். சங்கத்துக்கும் நீ எழுதிக் கொடுத்ததை மாற்றி, என் அம்மா சொல்லித்தான் போட்டேன் என்று எழுதிக் கொடு, அவருக்குப் போட்டிருக்கிற தண்டனையைக் குறைக்க அது உதவுமா என்று கேள். வேண்டுமானால் நான் தமிழில் எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்புகிறேன், அங்கே யாராவது படித்துச் சொல்லட்டும். என்னைக் காப்பாற்றுவதற்காக நீ அங்கே குனிந்து நடக்க வேண்டாம் தாயி, என் முதுகு வயல் வேலையில் வளைந்து பழகியதுதான்.

வேளைக்குச் சாப்பிடு, காதுக்குத் துணி கட்டாமல் குளிரில் போகாதே, தலைக்கு எண்ணெய் வை. நம் குலசாமி உன் கூடவே இருந்து உனக்கு ஒரு குறையும் வராமல் பார்த்துக்கொள்ளும், நீ நினைத்தது நடந்து நூறு வருசம் நல்லா இருப்பாய். உன் அய்யாவும் ஆசீர்வாதம் எழுதச் சொன்னார், காளீஸ்வரன் மன்னிப்பு எழுதச் சொன்னான். ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. கதவு திறந்ததும், புழு போடச் சொன்னது யார் என்று அவரிடம் முதலில் சொல்லிவிடு. மீனுக்குப் பொய் சொல்லலாம் என்று இப்போது எனக்குத் தெரிகிறது, அந்த மனிதருக்குச் சொல்லாதே.

இப்படிக்கு,
உன் பதிலுக்காக வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கும் அம்மா,
உ. ராக்கு